பதினேழு சதவீதம்

தையில் பெய்யக் கூடாத மழை
தையில்தான் பெய்தது.
திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கடைமடையில்,
ஒரு நெல் கொள்முதல் நிலையம்.
நான் அங்கே பட்டியல் எழுத்தர்.
மானியில் ஈரம் பதினேழைத் தாண்டினால்
"காயவச்சுக் கொண்டாங்க" என்பது என் வேலை.
எங்கே என்று யாரும் கேட்பதில்லை.
சாலையில் பரப்புவார்கள்.
பாதி நெல்லின்மேல் வேதாரண்யம் பஸ் ஏறிப்போகும்.

காவலுக்கு ஆள் வராத ராத்திரிகளில்
தார்ப்பாய் ஓரம் சார்ஜர் விளக்கை வைத்துக்கொண்டு
கதை படிப்பேன்.
நாலு பக்கம், ஐந்து பக்கம், அதற்குமேல் இல்லை.
தூக்கத்தில் யாரோ சொல்லிக்கொண்டு வந்து
நடுவில் விழித்துக்கொண்ட மாதிரிக் கதைகள்.

நேற்றைய கதையில் ஒரு நகராட்சி ஊழியர்.
அவர் வீட்டு மாடிப்படியில்
தினம் ஒரு படி கூடுகிறது.
முதலில் கொத்தனாரைச் சந்தேகிக்கிறார்,
அப்புறம் மனைவியை.
கூடுதல் படிகளுக்குச் சொத்துவரி கட்ட
வரிசையில் நிற்கிறார்.
ரசீது கொடுத்துவிடுகிறார்கள்.
கடைசி வரியிலும் ஏறிக்கொண்டே இருக்கிறார்,
கையில் டிபன் பாக்ஸ்,
தயிர்சாதம் புளித்துவிடுமே என்ற ஒரே கவலை.

"மேல என்னதான் இருந்துச்சு?"
சாக்கைத் தலையில் மடித்துப் போட்டபடி சவரிமுத்து.
கதையில அது இல்ல.
"எழுதுனவனுக்காச்சும் தெரியுமா?"
தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்.
"அப்ப எதுக்கு அச்சடிச்சான்?"

பதில் இருந்தது, சொல்ல வரவில்லை.

அப்பாவைப் புதைத்த மறுநாள்
என் சட்டைப்பையில் அவர் போன் அடித்தது.
கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது,
நம்பரைச் சொல்லுங்கள் என்றான் பையன்.
நாலு இலக்கம். சொன்னேன்.
சிலிண்டரை உருட்டிக்கொண்டே
"பெரியவரு வெளியூரா?" என்றான்.
ஆமாம் என்றேன்.

நடந்ததை நடந்தபடி பலரிடம் சொல்லிவிட்டேன்.
எல்லோரும் உச் கொட்டினார்கள்.
ஒவ்வொரு உச்சுக்கும் கொஞ்சம் உலர்ந்து
இப்போது அது நல்ல நெல்,
எந்த மானியிலும் தேறும்,
எந்தக் கிடங்கிலும் அடுக்கலாம்.
அந்த மாடிப்படிக்காரனிடம் மட்டும்
அப்பாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.
அவனிடம்தான் அது ஈரமாக இருக்கிறது.

கடைமடைக்குத் தண்ணீர் வருவதும் இப்படித்தான்.
மேட்டூர் திறந்தாச்சு என்று பேப்பர் சொல்லும்,
முறை வைத்திருப்பதாக அதிகாரி சொல்வார்,
வாய்க்காலில் ஆடு மேயும்.
பிறகு யாரும் எதுவும் சொல்லாத ஒரு ராத்திரி
சருகு, நுரை, ஒற்றைச் செருப்பு
எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு
சத்தமில்லாமல் வந்து நிற்கும்.
யார் செருப்பு என்று தேடியா
மடையைத் திறக்கிறோம்?

இதில் எதையும் சவரிமுத்துவிடம் சொல்லவில்லை.
அவன் புத்தகத்தை வாங்கி எடைபார்த்து
"மிசின்ல போட்டா இருவத்திரெண்டு காட்டும்,
எடுக்காதீங்க, மேனேஜர் திட்டுவாரு" என்றான்.
சிரித்துவிட்டு லாரிக்குப் போய்விட்டான்.

மூன்று நாள் கழித்து, டீக்கடையில், திடீரென்று:
"அந்த ரசீத அவன் பத்தரமா வச்சிருந்தானா?"
எந்த ரசீது என்று கேட்டேன், தெரிந்தேதான்.
"படிக்குக் கட்டுனதுதான்.
நாளைக்கி இடிக்கச் சொன்னா
காட்டணுமில்ல."

அன்று மாலை இருப்பு எண்ணினோம்.
பதிவேட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு மூட்டை,
அட்டியில் அறுநூற்றுப் பதின்மூன்று.
குறைந்தால் எழுத இடமுண்டு:
எலி, ஈரச் சேதம், சாக்குக் கிழிசல்.
கூடினால் எழுத ஒரு கட்டம்கூட இல்லை.
மறுபடி எண்ணினோம்.
மறுபடியும் பதின்மூன்று.

சவரிமுத்து அட்டியின் உச்சியை
அண்ணாந்து பார்த்தான்.
தூறல் விட்டிருந்தது.
"டார்ச் இருக்கா?" என்றான்.
கொடுத்தேன்.
வாயில் கவ்விக்கொண்டு
முதல் மூட்டைமேல் கால் வைத்தான்.